மாசிலாமணிக்குச் சொன்ன பாட்டு

போன மாதம் புதிதாகப் பட்டம் பெற்ற போதகர்களுக்கு மூன்று நாள் வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் என்னையும் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பிரசங்கத்தில் பழந்தமிழ்ப் பாட்டை எப்படிப் பயன்படுத்துவது என்பது தலைப்பு. இப்போது இது சாதாரண விஷயமாகிவிட்டது. இதற்கென்றே கையடக்கப் புத்தகங்கள் விற்கிறார்கள். தலைப்பைப் பார்த்துப் பாட்டை எடுத்துக்கொள்ளலாம். நான் பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் போதகர் எழுந்தார்.

"ஐயா, எந்தப் பாட்டை எந்த இடத்துல சொல்லணும்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பயத்துலதாம்மா தெரிஞ்சுது," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதை விளக்க அங்கே நேரமும் இல்லை, சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் செங்கம் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். மிஷன் போர்டிங்கில் சேர்த்ததால் படித்தேன். அங்கே அட்டை போன பழைய பாட்டுப் புத்தகங்கள் ஒரு மர அலமாரியில் கிடந்தன. யாரும் தொடாததால் எனக்குக் கிடைத்தன. அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டாக உடைத்து உடைத்துப் படித்தேன். பிறகு வித்துவான் பரீட்சை, அதன்பின் இரண்டு வருடம் வேதபாடசாலை. இருபத்து நாலு வயதில் என்னை மலைக்கு மேற்கே, அடி அண்ணாமலை தாண்டி இருந்த ஒரு சின்னச் சபைக்கு உபதேசியாராக அனுப்பினார்கள்.

உபதேசியார் என்றால் பட்டம் பெற்ற போதகருக்கு ஒரு படி கீழே. திருமுழுக்கும் திருவிருந்தும் கொடுக்க முடியாது. மற்றதெல்லாம் அவன் தலையில்தான். ஞாயிறு பிரசங்கம், பிள்ளைகளுக்குப் பாடம், நோயாளி வீடு, சாவு வீடு எல்லாம் உண்டு. எங்கள் சபையில் நாற்பது வீடுகள். ஆண்களில் பாதிப் பேருக்குக் கல்குவாரியில் வேலை. எனக்குச் சபைக் கோயிலை ஒட்டி ஒரு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். வேலை போனால் வீடும் போகும். என் மனைவி கிரேஸ் அதை ஒருநாளும் மறந்ததில்லை.

முதல் பயம் பிரசங்க மேடை. மூன்றே படிதான். வேதபாடசாலையில் சொல்லிக்கொடுத்த தமிழில், "ஆகையினால் பிரியமானவர்களே" என்று ஆரம்பித்தால் இரண்டாவது பத்தியில் ஜனங்கள் தூங்கிவிடுவார்கள். வாரம் முழுக்கக் கல்லுடைத்த உடம்பு, தூங்காமல் என்ன செய்யும்? ஒரு கோடையில், மழை பொய்த்த வருடம், மேடையில் நின்று எழுதி வைத்ததைப் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் தாள் ஒட்டிக்கொண்டு பக்கம் புரளவில்லை. பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வந்தது மழையைப் பற்றிய ஒரு பழம்பாட்டு. அதைச் சொல்லிவிட்டு, "வானம் பார்த்த பூமின்னு நாம இன்னிக்குச் சொல்றோம், இதே பயத்தை ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் பட்டிருக்கான்," என்றேன். பெண்கள் பக்கமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு ருசி கண்டுவிட்டது. ஒரு பிரசங்கத்துக்கு ஒரு பாட்டு என்று இருந்தது இரண்டாகி, மூன்றாகி, ஒரு பண்டிகைக்கு எழுதிய பிரசங்கத்தில் ஐந்து ஆனது. வேத வசனம் ஒன்று, பாட்டு ஐந்து.

அந்த ஐந்தையும் தடுத்தவர் சேர்மன் ஐயர். எங்கள் வட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் தலைவர்; பட்டம் பெற்ற போதகரை ஐயர் என்பது எங்கள் வழக்கம். ஊருக்குள் பெரிய சிவன் கோயிலின் கோபுரம் தெரிகிற தெருவில் மிஷன் பங்களாவில் இருந்தார். அவருக்குப் பெயர் உண்டு. யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. வட்டாரத்தில் இருந்த உபதேசியார்கள் எல்லோரும் ஞாயிறு பிரசங்கத்தை முழுத்தாளில், இடதுபக்கம் மூன்று விரல் இடம் விட்டு எழுதி, வியாழக்கிழமை மாலைக்குள் அவரிடம் கொண்டுபோகவேண்டும். நான் மலையைச் சுற்றும் பாதையில் சைக்கிள் மிதித்துப் போவேன். வழியெல்லாம் பாட்டை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தாளை வாங்கிக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி துடைப்பார். பிறகு நம்மையே வாசிக்கச் சொல்வார். நாம் வாசிக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். பாட்டு வந்ததும் ஒரு விரலைத் தூக்குவார். நான் நிறுத்தவேண்டும்.

"அன்னம்மா!"

சமையற்கட்டிலிருந்து அன்னம்மா வருவாள். ஐம்பது வயதுக்காரி, எழுத்து தெரியாது. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி நிலைப்படியில் நிற்பாள்.

"பாட்டைச் சொல்லுங்க. அப்புறம் அதுல என்ன இருக்குதுன்னு இந்த அம்மாளுக்குச் சொல்லுங்க."

நான் சொல்வேன். பதவுரை, பொழிப்புரை என்று போனால் அன்னம்மா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பு இருக்கும் பக்கம் திரும்பிக்கொள்வாள். அது போதும். சேர்மன் ஐயர் நீலப் பென்சிலால் அந்தப் பாட்டின் குறுக்கே ஒரு கோடு போடுவார். கண்ணால் கண்டதைச் சொல்வதுபோல நான் சொன்னால் அவள், "ஐயோ பாவம், அப்புறம்?" என்பாள். அந்தப் பாட்டுக்கு மட்டும் கோடு கிடையாது. வித்துவான் பரீட்சையில் கேள்வித்தாளைப் பார்த்து நான் நடுங்கியதில்லை. அன்னம்மாவின் முகத்தைப் பார்த்து நடுங்கியிருக்கிறேன்.

சிவன் கோயில்களில் பாடும் பதிகங்களில் ஒரு வரியைத் தொட்டால் மட்டும் அவர் அன்னம்மாவைக் கூப்பிடவே மாட்டார். கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி, தாளை வாங்கி, அந்த வரி தெரியாத அளவுக்கு அடித்துத் திருப்பிக் கொடுப்பார். காரணம் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

இரண்டு வருடம் இப்படி ஓடியது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது மாசிலாமணி வந்தார். குவாரியில் வெடி வைக்கும் வேலை அவருக்கு. சபையில் மூத்தவர்களில் ஒருவர். அதிகம் பேசமாட்டார்.

"உபதேசியாரே, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க அண்ணே."

"மேடையில நீங்க சொல்ற பாட்டெல்லாம் யாருது?"

"பழைய தமிழ்ப் பாட்டு. நம்ம எல்லாருதும்தான்."

அவர் தலையை ஆட்டினார். "நம்மளுது இல்ல. இந்த மாதிரிப் பாட்டைப் பாடற ஆளுங்கதான் எங்கப்பனைத் தெருவுல செருப்பைக் கழட்டிக் கையில பிடிக்கச் சொன்னாங்க. நீங்க மேடையில அதை எடுத்தா எனக்கு அந்தத் தெரு ஞாபகந்தான் வருது. அந்தத் தெருவை விட்டு வெளிய வரணும்னுதான் இங்க வந்தோம். திரும்ப அங்கயே கூட்டிட்டுப் போறீங்களே."

அப்படி ஒரு தெருவில் என் அப்பாவும் செருப்பைக் கையில் பிடித்தவர்தான். அலமாரிப் புத்தகத்தில் மூழ்கி நான் அதை மறந்திருந்தேன். அவர் மறக்கவில்லை. அடுத்த வாரமே அவரும் இன்னும் நாலு பேரும் கைநாட்டு வைத்து சேர்மன் ஐயருக்கு மனு அனுப்பினார்கள். உபதேசியார் வேதத்தை விட்டு அந்நியப் பாட்டு போதிக்கிறார் என்று எழுதியிருந்தது. கிரேஸ் அதைக் கேட்டுவிட்டு, பரண்மேல் இருந்த தகரப்பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

சேர்மன் ஐயர் மனுவைப் படித்துவிட்டு, "கொஞ்ச நாள் பாட்டு வேணாம். கமிட்டி கூடும்போது பேசிக்கலாம்," என்று மட்டும் சொன்னார். நான் மறுபடி தாளைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினேன். ஜனங்கள் மறுபடி தூங்கினார்கள்.

கமிட்டி கூடுவதற்கு முன்னால் அந்தச் சாவு நடந்தது.

குவாரி வேங்கிக்காலுக்கு அப்பால் இருந்தது. இன்றைக்கு கலெக்டர் அலுவலகமும் வீடுகளும் நிற்கிற பக்கமெல்லாம் அப்போது வயலும் கரம்பும்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு வெடி வைப்பார்கள். பாறையில் துளை போட்டு, கருமருந்து திணித்து, திரி விட்டு, ஒவ்வொன்றாகப் பற்றவைத்துவிட்டு மாசிலாமணி ஓடிவந்து மறைவில் குந்துவார். எத்தனை துளையோ அத்தனை சத்தம் எண்ணவேண்டும். எண்ணிக்கை சரியானால்தான் சிவப்புத் துணியை இறக்கி "ஆச்சு!" என்று கத்துவார். அதற்குப் பிறகுதான் யாரும் உள்ளே கால் வைக்கலாம். இருபது வருடமாக அவர் எண்ணியது தப்பியதில்லை.

அன்றைக்கு எட்டுத் துளை. எட்டுச் சத்தம் எண்ணினார். துணியை இறக்கினார். முதல் ஆளாகக் கடப்பாறையோடு உள்ளே போனவர் ஜெயராஜ். மாசிலாமணியின் ஒரே மகள் கிருபாவுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்தான். ஜெயராஜ் அவளுடைய புருஷன். அவர் பாறைக்கு நாலடி தூரத்தில் இருந்தபோது எட்டாவது துளை வெடித்தது. வெடித்தது அதுவரை ஏழுதான். ஒரு வெடியின் எதிரொலி மலையில் பட்டுத் திரும்பி வந்ததை மாசிலாமணி இன்னொன்று என்று எண்ணிவிட்டார்.

அடக்க ஆராதனையை நான்தான் நடத்தினேன். அடக்கத்துக்கு வரவேண்டிய போதகர் வெளியூர் போயிருந்தார். ஒழுங்குப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்ததோ அதை மட்டும் வாசித்தேன். ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை. சேர்க்க என்னிடம் எதுவும் இல்லை என்பது ஒரு காரணம், மனு இன்னொரு காரணம். மாசிலாமணி மண் போடும்போது கூட அழவில்லை. எல்லோரும் மாறி மாறி அவரிடம், "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் கல் பட்டதுபோல அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். கிருபா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. குழிக்கரையிலிருந்து நேராக மாமியாரோடு போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணியின் மனைவி செல்லம்மாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள்.

"உபதேசியாரே, கதவைச் சாத்திக்கினு உக்காந்துக்கினாருங்க. வெடிமருந்து டப்பாவை எடுத்துக்கினு உள்ள போய்ட்டாரு. ஆரையும் கிட்ட வராதன்றாரு."

நான் நடந்தேனா ஓடினேனா என்று இப்போது நினைவில்லை. வீட்டைச் சுற்றி முப்பது கெஜம் தள்ளி ஜனங்கள் நின்றார்கள். ஒருவரும் முன்னே வரவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன். வெடி என்ன செய்யும் என்பதை நாலு நாள் முன்னால்தான் பார்த்திருந்தார்கள்.

எனக்கும் போகவேண்டாம் என்றே இருந்தது. கிரேஸ் அப்போது ஏழு மாதக் கர்ப்பம். திரும்பிப் பார்த்தால் ஜனங்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் கதவைத் தட்டினேன். இதை எங்கும் தைரியம் என்று யாரும் எழுதிவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

"அண்ணே, நான்தான். உள்ள வரட்டுமா?"

பிறகு, "நீங்க மட்டும்னா வாங்க," என்று குரல் வந்தது.

உள்ளே ஒரே அறை. சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் தகர டப்பா, அதிலிருந்து திரி நீண்டிருந்தது. வலது கையில் தீப்பெட்டி. நான் நிலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

"ஜெபம் பண்ணாதீங்க," என்றார்.

"இல்ல."

"வசனமும் வேணாம். எல்லாம் எனக்கு மனப்பாடமாத் தெரியும். எதுவும் உள்ள போவல."

"சரி."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

நான் கற்ற வேலை இரண்டுதான், ஜெபிப்பது, வசனம் சொல்வது. இரண்டையும் அவர் எடுத்துவிட்டார். தீப்பெட்டியை அவர் கட்டைவிரல் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. அந்தச் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. பேசாமல் இருந்தால் அது நிற்காது என்று பட்டது.

பயத்தில் எது வந்ததோ அதைச் சொன்னேன். ஒரு கையறுநிலைப் பாட்டு. தலைவன் செத்தபின் அவனோடு இருந்தவன் செய்வதறியாமல் புலம்புகிற பாட்டுக்கு அப்படிப் பெயர். எழுதியவன் பெயர் கூடத் தெரியாத பாட்டு. செய்யுளாகச் சொல்லவில்லை. சொல்ல நினைத்தாலும் அந்த நேரத்தில் எனக்கு முதல் சீர் கூட வந்திருக்காது.

"ஒருத்தன் இருந்தானாம் அண்ணே," என்றேன். "படை கிளம்பறப்போ முன்னாடி நின்னு பறையடிக்கிறவன். அவன் அடிச்சாத்தான் படை நகரும். ஒருநாள் அடிச்சான். அவனுக்குச் சோறு போட்ட தலைவன் அந்தச் சத்தத்தைக் கேட்டு முன்னாடி போனான். போனவன் திரும்பல. சாயங்காலம் இவன் களத்துல உக்காந்துக்கினு கையைப் பாத்துக் கேக்கறான். 'ஏ கையே, நீதானே அடிச்ச. அவன் போய்ட்டான், நீ மட்டும் இன்னும் என் தோள்ல ஒட்டிக்கினு இருக்கியே'ன்னு."

கட்டைவிரல் நின்றது.

"யாரு அவன்?"

"பேரு தெரியாது."

"பறையடிக்கிறவன்னீங்களே."

"ஆமாண்ணே."

"அப்ப நம்மாளா?"

"நம்மாளுதான். அந்தக் காலத்துல அவனுக்கு ராஜா பக்கத்துல இடம்."

அவர் கொஞ்ச நேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அவரிடம் எல்லோரும் பேசியது ஆண்டவரைப் பற்றி. கையைப் பற்றி யாரும் பேசவில்லை.

"அப்புறம் அவன் இன்னா பண்ணான்?"

பாட்டில் அதற்குமேல் இல்லை. அழுது தேறினான் என்று ஒரு பொய் சொல்லலாம். அவர் முகத்தைப் பார்த்தபோது பொய் சொன்னால் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

"பாட்டுல அது இல்லண்ணே. கையைக் கேக்கறதோட முடிஞ்சிடுது."

"செத்துட்டானா?"

"சொல்லல." அப்போதுதான் எனக்கே அது தோன்றியது. அதுவரை அந்தப் பாட்டை நூறு தடவை படித்திருப்பேன், ஒருநாளும் தோன்றியதில்லை. "ஆனா அண்ணே, பாட்டு இருக்குதே. அன்னிக்குச் சாயங்காலமே அவன் செத்திருந்தா இந்தப் பாட்டை யாரு பாடியிருப்பா? அவன் இருந்திருக்கான். இருந்து, சொல்லிட்டுப் போயிருக்கான்."

மாசிலாமணியின் கீழுதடு முதலில் நடுங்கியது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை என்று தெரிய எனக்கு நேரமாயிற்று. வெளியே நின்றவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு ஓடினார்கள் என்று பிற்பாடு சொன்னார்கள். தீப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையை எடுத்து டப்பா வழிய ஊற்றினேன். பாதி அவர் மடியில்தான் கொட்டியது.

பத்து நாளில் கமிட்டி கூடியது. மனுவோடு இந்தச் செய்தியும் சேர்ந்துவிட்டது. சாகப்போகிறவன் வீட்டில் உபதேசியார் ஜெபிக்காமல் பாட்டு சொன்னார் என்பது குற்றம். நீளமேசையின் ஒருபக்கம் ஆறு பேர், நடுவில் சேர்மன் ஐயர். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஜெபம் பண்ணீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"வசனம்?"

"சொல்லலீங்க. அவர் வேணாம்னாரு."

"வேணாம்னா விட்டுடறதா?" என்றார் கமிட்டியில் ஒருவர்.

"கையில நெருப்பு வெச்சிருந்தாருங்க. எனக்குப் பயமா இருந்தது."

சேர்மன் ஐயர் தீர்மானப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, பேனாவை எடுத்து, தானே எழுதினார். எழுதியதை வாசிக்கவும் செய்தார். "உபதேசியார் அந்த மனிதனோடு கூட இருந்தார்." அவ்வளவுதான். புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போனார். மனுவைப் பற்றி யாரும் பேசவில்லை. பிற்பாடு விசாரித்தபோது மாசிலாமணி முந்தின நாளே நடந்து வந்து தன் கைநாட்டை எடுத்துவிட்டார் என்று தெரிந்தது.

எல்லோரும் போனபின் சேர்மன் ஐயர் என்னை இருக்கச் சொன்னார். அந்தப் பாட்டைச் செய்யுளாகவே சொல்லச் சொன்னார். சொன்னேன். அன்னம்மாவைக் கூப்பிடவில்லை. கண்ணைத் திறந்தே கேட்டார்.

"எங்கப்பா பெரிய கோயில்ல பதிகம் பாடினவர். உங்களுக்குத் தெரியாது," என்றார்.

எனக்குத் தெரியாது. வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது.

"பத்தொன்பது வயசுல ஞானஸ்நானம் வாங்கினேன். அன்னிக்கு வீட்டுக் கதவைச் சாத்தினாங்க. இதோ, நாலு தெரு தள்ளித்தான். நாப்பது வருஷமா அந்தத் தெருப்பக்கம் போனதில்ல. நீங்க தாள்ல அந்த வரிகளை எழுதிக் கொண்டாந்தீங்க. அது தப்புன்னு அடிக்கல, தம்பி. காதுல விழுந்தா கால் தானா எழுந்து வீட்டுக்குப் போயிடும்னு பயம். அவ்வளவுதான்."

அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. இத்தனை நாள் நான் யாரைப் பார்த்து நடுங்கினேனோ அவரும் வியாழக்கிழமைதோறும் என் தாளைப் பார்த்து நடுங்கியிருக்கிறார். ஆனால் இது எனக்கு ஆறுதலாக இல்லை. கூடுதல் பயமாக இருந்தது. ஒரு பாட்டு ஒருவரைத் தெருவில் செருப்பைக் கழற்ற வைக்கிறது, இன்னொருவரைச் சாத்திய கதவுக்கு முன்னால் நிறுத்துகிறது. மேடையில் நிற்கிற எனக்கு யாருக்கு எது என்று எப்படித் தெரியும்?

மாசிலாமணி குவாரி வேலையை விட்டுவிட்டார். ஏரிக்கரையில் மாடு மேய்த்தார். கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கிரேஸுக்குக் குழந்தை பிறந்திருந்தது. குழந்தையைப் பார்த்தார், தொடவில்லை.

"உபதேசியாரே, கிருபா இன்னும் என் முகத்தைப் பாக்கல. அந்தப் பாட்டை அவளுக்கும் சொல்லுங்க. நான் சொன்னா கேக்கமாட்டா."

நான் சம்மதித்தேன். அந்தப் பாட்டு ஒரு மனிதனைக் காப்பாற்றியிருந்தது, அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு கிருபாவின் மாமியார் ஊருக்குப் போனேன். அவள் களத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். இருபது வயதுப் பெண். காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. மாமியார் எனக்கு ஒரு முக்காலியைப் போட்டாள்.

நன்றாகவே சொன்னேன். பறை, படை, களம், கை, ஒன்றையும் விடவில்லை. பாட்டு இருப்பதாலேயே அவன் இருந்திருக்கிறான் என்பதையும் சொன்னேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். முடித்தபின் கொஞ்ச நேரம் புடைத்தாள். பிறகு நிறுத்தினாள்.

"அந்தத் தலைவனுக்குப் பொஞ்சாதி இருந்தாளா?"

"இருந்திருப்பாம்மா."

"அவளைப் பத்தி இன்னா சொல்லியிருக்குது?"

"ஒண்ணும் சொல்லல."

"பறையடிச்சவன் அவ முன்னாடி போய் நின்னானா?"

"பாட்டுல அது இல்லம்மா."

"அப்ப அது பாதிப் பாட்டுதாங்க."

அந்தக் களத்தில் உட்கார்ந்திருந்தபோது வந்த பயம், மாசிலாமணி வீட்டில் வந்ததைவிடக் குறைவில்லை. இரண்டு வருடம் அன்னம்மாவிடம் பரீட்சை கொடுத்தவன் நான். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. வந்த வேலையைக் கெடுத்துவிட்டேன், இருந்த கொஞ்சநஞ்ச உறவையும் அறுத்துவிட்டேன் என்று நினைத்து எழுந்தேன். சைக்கிள் ஸ்டாண்டைத் தள்ளும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அப்பாவை வரச் சொல்லுங்க. மீதியை நான் சொல்றேன்."

மறுநாள் ஆராதனை முடிந்து மாசிலாமணியைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டுக்கு முன்னால் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. கிருபா கதவைத் திறந்து, அவர் உள்ளே போக வழிவிட்டு, என்னைப் பார்த்து, "நீங்க இருங்க," என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

நான் புளியமரத்தடியில் வெயில் சாய்கிறவரை உட்கார்ந்திருந்தேன். உள்ளே முதலில் சத்தம் கேட்டது. அவள் குரல் மட்டும்தான், உரக்க, நெடுநேரம். பிறகு அதுவும் நின்றது. அவர் வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஆனால் நடை நேராக இருந்தது. அவள் என்ன சொன்னாள் என்று அவர் என்னிடம் சொல்லவில்லை. சாகும்வரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.